அடிபம்புக் கட்சியின் கடைசி வாக்கு

யாழிசைக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள், உப்புக்காற்று முகத்தில் அடித்ததும் படாரென்று சாத்தினாள். சட்டமன்ற உறுப்பினர், அதுவும் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, இப்படிக் குட்டி போட்ட பூனையாய் அலைவது அழகா என்று கேட்டால் அழகில்லைதான். ஆனால் உள் அறையில் அக்கா மகள் அமுதினி ஏழு மாத வயிற்றோடு, கால் இரண்டும் வீங்கிப் படுத்துக் கிடக்கும்போது அழகை யார் பார்த்தார்கள்?

மாணிக்கத்துறையில் வயிற்றுப்பிள்ளைக்காரிகள் எல்லோருக்கும் அந்த வருடம் இதே கதைதான். கடல் நிலத்துக்கு அடியில் நுழைந்து ஊருக்குள் வந்துவிட்டது. கிணற்றைத் தோண்டினாலும் கரிப்பு, போர் போட்டாலும் கரிப்பு. சோறு வடிக்கும்போது உப்பு போடுகிற வேலை மிச்சம் என்று பெண்கள் முதலில் கேலி பேசிக்கொண்டார்கள். கேலி பேசினவர்களில் சிலருக்குக் குறைப்பிரசவம் ஆனதும் அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. லாரித் தண்ணீர் வாரம் ஒருமுறை வரும், வந்தால் அடிதடி. ஆஸ்பத்திரி டாக்டரம்மா பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, முதலில் நல்ல தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்றார். நல்ல தண்ணீரைச் சீட்டில் எழுதிக் கொடுக்க அவரால் முடியுமா, பாவம்.

அந்த நல்ல தண்ணீர் சென்னையில், ஒரு மசோதாவுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. ஆலையைக் கட்டி முடித்துவிட்டு உத்தரவுக்குக் காத்திருக்கும் ஒரு தனியார் கம்பெனி கடல்நீரைக் குடிநீராக்கும். கரையோரம் முழுக்கக் குழாய் போடும். வீட்டுக்கொரு அட்டை கொடுத்து, குடத்துக்கு இவ்வளவு என்று அதில் கழித்துக்கொள்ளும். அட்டையில் பணம் தீர்ந்தால் குழாய் மூடிக்கொள்ளும். மசோதா நிறைவேற ஆளுங்கட்சிக்கு ஒரே ஒரு வாக்குதான் குறைந்தது.

யாழிசையின் கட்சியில் மொத்தம் இரண்டு உறுப்பினர்கள். அதில் ஒருத்தர் மனது வைத்தால் போதும். இவ்வளவுதானே, இதற்கா இந்தத் தவிப்பு என்பீர்கள். கட்சி எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நீர் உரிமைக் கழகம்! பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக் கொடுத்த தாயுமானவன், 'மாஸ்டர்' என்று எல்லோரும் அழைத்த மனிதர், ஆரம்பித்த கட்சி. அதற்குக் கொள்கை ஒன்றே ஒன்று. தண்ணீருக்கு விலை கிடையாது, தண்ணீரை விற்கிறவன் யாராக இருந்தாலும் அவன் நமக்கு ஆகாது. சின்னம் அடிபம்பு. ஜனங்கள் கழகத்தின் பெயரையே மறந்து அடிபம்புக் கட்சி என்றுதான் சொல்வார்கள்.

"ஏன் சித்தி, ஒரு பட்டனை அழுத்துறதுக்கு இவ்ளோ யோசனையா?" என்றாள் அமுதினி, படுத்தபடியே.

"நான் அழுத்திடுவேன்டி. கொறடா விடாது."

"அந்த மிஷினா? அது உன்னைய என்ன பண்ணிடும்?"

யாழிசை கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னாள். ஒரு காலத்தில் எம்.எல்.ஏ.க்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் ரிசார்ட்டில் அடைத்துவைப்பார்கள். காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் ஒரு கட்சி. ஓட்டுப் போட்ட ஜனங்கள் காறித் துப்பியதில்தான் மாறாமைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு கட்சியும் தன் நிறுவனர் பேசியது, மாநாட்டில் தீர்மானம் போட்டது எல்லாவற்றையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். முன்பு மனிதர் பார்த்த கொறடா வேலையை இப்போது அது பார்க்கிறது. ஒவ்வொரு மசோதாவையும் படித்துப் பார்த்து, உங்கள் கொள்கைக்கு இது இசைவு அல்லது முரண் என்று சொல்லிவிடும்.

"முரண்னு சொன்ன பிறகும் மீறி அழுத்துனா?"

"ஒரு ஆள் மீறினா அந்த ஆளோட பதவி போயிடும், அவ்வளவுதான். கட்சியில இருக்கிற எல்லாருமே மீறிட்டா கட்சியே காலி. பேரு போச்சு, சின்னம் போச்சு. திரும்ப வாங்கவே முடியாது."

"உங்க கட்சியில எல்லாரும்னா எத்தனை பேரு?"

"நானும் செழியண்ணனும்."

வலியிலும் அமுதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரை வைத்துக்கொண்டு எல்லாருமாம் என்றாள். அப்படியானால் ஆளுங்கட்சியின் கொறடா மட்டும் எப்படி எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறது என்று கேட்டாள். அவர்கள் கெட்டிக்காரர்கள் என்றாள் யாழிசை. கொள்கை என்று அவர்கள் ஒரே ஒரு வரியைத்தான் ஒப்படைத்தார்கள்: மக்களுக்கு எது நல்லதோ அது. அந்த வரிக்குள் ரோட்டையும் நுழைக்கலாம், ரோட்டை வெட்டுவதையும் நுழைக்கலாம். இயந்திரம் என்ன செய்யும்?

மறுநாள் காலை ரயிலில் செழியன் வந்து இறங்கினார். கட்சியின் பொதுச்செயலாளர், இன்னொரு உறுப்பினர், வக்கீல். ஒட்டி உலர்ந்த உடம்பு, பிடிவாதம் மட்டும் புஷ்டி. அவரை விலைக்கு வாங்கப் போனவர்கள் அவரிடமே வழக்குக்கு ஃபீஸ் கட்டிவிட்டுத் திரும்பினார்கள் என்று ஒரு கதை உண்டு. வந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அமுதினி எழுந்து வந்து சொம்பில் கொடுத்தாள். கரிக்கிற தண்ணீரை முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அதுதான் கட்சியின் செயற்குழு.

பேச்சு காரசாரமாகத்தான் நடந்தது. பக்கத்து வீட்டு ஜெனிபா கூடை மீனை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: குடம் என்ன விலை? யாழிசை சொன்னாள். அது கட்டுப்படியாகும், ஏறினால்தான் முடியாது என்றாள் ஜெனிபா. செழியன் உடனே அதைப் பிடித்துக்கொண்டார். ஏறும் என்றார். விலையை ஆண்டுக்கொரு முறை விலைச்சபை கூடித்தான் முடிவு செய்யும். அந்தச் சபையில், தண்ணீருக்கு விலை கூடாது என்கிற கட்சிக்கென்று மசோதாவிலேயே ஒரு நாற்காலி ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து ஆட்சேபம் என்று ஒருத்தர் சொன்னால் கணக்கைப் பிரித்துக் காட்ட வேண்டும், விசாரணை நடக்க வேண்டும். ஒருத்தரும் சொல்லவில்லை என்றால் கம்பெனி கேட்ட விலை அப்படியே நிறைவேறும்.

"எல்லாம் சரிண்ணே. அதுக்காக இவளை இந்தத் தண்ணிய இன்னும் எத்தனை நாளைக்குக் குடிக்கச் சொல்றீங்க?" என்றாள் யாழிசை.

செழியன் சொம்பைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"இந்த ஊருல எறால் குட்டை எப்படி வந்துச்சு, தெரியுமா உனக்கு? அப்ப நான் சின்னப் பையன். ஊருக்கு வேலை இல்ல. நல்ல தண்ணிய உறிஞ்சிக் குட்டையில விடுறதுக்கு அனுமதி கேட்டாங்க. நம்ம கொள்கைக்கு ஆகாதுன்னு மாஸ்டருக்கு நல்லாத் தெரியும். ஆனா ஜனங்க பசியில நிக்கிறாங்களேன்னு ஒரே ஒரு தடவை வளைஞ்சு கொடுத்தாரு. அவரு செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. நல்ல மனசோடதான் செஞ்சாரு. குட்டை வந்துச்சு, வேலையும் வந்துச்சு. கீழ இருந்த நல்ல தண்ணியெல்லாம் போயி, அந்த இடத்துக்குக் கடல் வந்துச்சு. அந்த ஒரு தடவையத்தான்மா அமுதினி இப்ப குடிச்சிக்கிட்டிருக்கா."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று யாழிசைக்குத் தெரியும். தலையை மட்டும் ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு அவர் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார் என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் கொறடாவின் தீர்ப்பு இருவர் போனுக்கும் வந்தது. முரண். செழியன் படித்துவிட்டு, "வாய்ப்பூட்டு" என்றார். யாழிசையும் "வாய்ப்பூட்டு" என்றாள்.

இது அடிபம்புக் கட்சிக்கு மட்டுமே உள்ள வழக்கம். தீர்ப்பு வந்த நேரத்திலிருந்து வாக்கெடுப்பு முடிகிறவரை, அந்த மசோதாவைப் பற்றிக் கட்சி உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் மூச்சுவிடக் கூடாது. மாஸ்டர் வைத்த விதி. மற்றக் கட்சிகளில் அந்த இடைவெளியில்தான் போன் அடிக்கும், பெட்டி கைமாறும், நீ இதைச் செய் நான் அதைச் செய்கிறேன் என்று பேரம் படியும். பேச்சே இல்லாத இடத்தில் பேரம் எங்கிருந்து வரும்? சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கட்சியிலிருந்து விலைபோனவர் என்று ஒருவரும் கிடையாது. இரண்டு பேருக்கும் அதில் அவ்வளவு பெருமை.

கொறடாவோடு பேசுவதற்குத் தடையில்லை. யாழிசை மொட்டை மாடிக்குப் போனாள், துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே நடந்துகொண்டே போனில் கேட்டாள். மாஸ்டர் இன்றைக்கு இருந்தால் என்ன செய்திருப்பார்?

"அவர் என்ன செய்திருப்பார் என்பது எனக்குத் தெரியாது. என்ன சொன்னார் என்பது மட்டுமே என்னிடம் உள்ளது," என்றது கொறடா.

எறால் குட்டைக்கு அவர் ஒத்துக்கொண்டது உன் கணக்கில் உண்டா என்று கேட்டாள். அதைப் பற்றி அவர் எந்த மேடையிலும் பேசவில்லை, ஆகவே இல்லை என்றது. யாழிசைக்குக் கோபம் கோபமாக வந்தது. மேடையில் நின்ற மாஸ்டரை மட்டும் இயந்திரத்துக்குள் போட்டுவிட்டு, இறங்கி வந்து ஜனங்களோடு உட்கார்ந்த மாஸ்டரை வெளியே விட்டுவிட்டோமே என்று நினைத்தாள். இப்போது நினைத்து என்ன பிரயோஜனம்?

"நான் ஒருத்தி மட்டும் மீறினா என்ன ஆகும்?"

"உங்கள் பதவி போகும். இன்னொரு உறுப்பினர் மீறாதவரை கட்சி இருக்கும். சின்னம் இருக்கும். விலைச்சபை நாற்காலியும் இருக்கும்."

மேற்கொண்டு அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? இன்னொரு உறுப்பினர் செழியன். தலையை வெட்டினாலும் கொள்கையை மீறாத மனிதர். தான் போய்விட்டால் போகட்டும், தண்ணீர் வந்துவிடும். நாற்காலியில் செழியன் உட்கார்ந்து கம்பெனிக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அப்படி முடிவெடுத்ததும் நடப்பதை நிறுத்திவிட்டு, கொடியில் உலர்ந்திருந்த துணியை எடுத்து மடித்தாள். அண்ணனிடம் சொல்லத்தான் முடியாது. சொன்னால் தடுப்பார். அதோடு, வாய்ப்பூட்டு வேறு.

சாயங்காலம் மீனவர் சங்கக் கூட்டத்துக்கு அவள் போயிருந்த நேரத்தில் அமுதினிக்குப் பிரஷர் எகிறிவிட்டது. கண் இருட்டி, கூடத்திலேயே சரிந்துவிட்டாள். அவள் புருஷன் மீன்பிடிக்கப் போய் நடுக்கடலில் இருந்தான். செழியனும் ஜெனிபாவும்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். யாழிசை பதறி அடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அமுதினிக்கு ஊசி போட்டு, தாயும் பிள்ளையும் இப்போதைக்குத் தப்பித்தார்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டிருந்தார். இன்னொரு தடவை இப்படி வந்தால் சொல்வதற்கில்லை என்பதையும் சொல்லியிருந்தார். செழியன் பிரசவ வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கை ஒன்று கசங்கி நனைந்திருந்தது.

"யாழிசை, நான் ஒண்ணு சொல்லணும்," என்றார். எழுந்தேவிட்டார்.

அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரியாதா? மறுபடி கொள்கை, மறுபடி மாஸ்டர், மறுபடி எறால் குட்டை. கேட்டால் தன் மனது கரைந்துவிடும் என்று பயந்தாள். "வாய்ப்பூட்டுண்ணே," என்றாள்.

செழியன் அவள் முகத்தையே பார்த்தார். "சரிம்மா," என்று உட்கார்ந்துவிட்டார்.

சென்னைக்கு ரயிலில் எதிரெதிர் இருக்கையில்தான் போனார்கள். வெயிலைப் பற்றிப் பேசினார்கள், காபி சரியில்லை என்று பேசினார்கள். அவ்வளவு தூரமும் யாழிசைக்குக் கால் ஒரு நிலையில் நிற்கவில்லை. செழியன் படித்துக்கொண்டிருந்த பேப்பரில் பக்கம் திரும்பவே இல்லை என்பதை அவள் கவனிக்கத்தான் செய்தாள். அவருக்கும் வயதாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சபையில் மசோதாவைப் படித்து முடித்து மணி அடித்தார்கள். ஒவ்வொருவர் மேஜையிலும் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். யாழிசை பச்சையை அழுத்தினாள். இத்தனை நாள் தவிப்பும் அந்த விரல் வழியாக இறங்கிப் போனது போலிருந்தது. அமுதினி இனி நல்ல தண்ணீர் குடிப்பாள் என்று நினைத்ததும் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு எதிரே இருந்த பெரிய பலகையைப் பார்த்தாள். அவள் பெயருக்கு நேரே பச்சை. அதற்குக் கீழே செழியன் பெயர். அதற்கு நேரேயும் பச்சை.

பலகை கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதுவும் அவள் பெயர் இருந்த வரியை. மனிதருக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

ஆளுங்கட்சி மேஜையைத் தட்டு தட்டென்று தட்டியது. மசோதா நிறைவேறியது, கேட்டதற்கு மேல் ஒரு வாக்கு மிச்சம். சபாநாயகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாறாமைச் சட்டத்தின்படி நீர் உரிமைக் கழகத்தின் பதிவும் சின்னமும் ரத்தாகின்றன என்று கடகடவென்று படித்துவிட்டு அடுத்த மசோதாவுக்குப் போனார். மாஸ்டர் வாழ்நாள் முழுக்க ஊர் ஊராக அலைந்து சேர்த்த கட்சி. அதன் சாவுச் செய்தியை வாசிக்க சபாநாயகருக்கு ஒரு மூச்சு போதுமானதாக இருந்தது.

"அண்ணே, நீங்க இருப்பீங்கன்னு நம்பித்தானே நான் அழுத்தினேன்," என்றாள் யாழிசை.

"நீ இருப்பேன்னுதான்மா நானும்," என்றார் செழியன். "நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினியே. ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சிக்கிட்டா. யாரு கைன்னுகூட அவளுக்குத் தெரியல. விடவே இல்ல. அப்புறம் எனக்கு எந்தக் கொள்கையும் வாயில வரல. அதைச் சொல்லத்தான் அன்னைக்கு எழுந்தேன். வாய்ப்பூட்டுன்னுட்ட. அடேயப்பா, இந்தப் பொண்ணு நம்மைவிட உறுதியா நிக்குதே, கட்சிய இது பாத்துக்கும்னு நிம்மதியா வந்துட்டேன்."

வெளியே வந்தபோது வாசல் காவலர் பழக்கத்தில் சல்யூட் அடித்தார். இரண்டு பேருக்கும் இனி அது செல்லாது என்ற செய்தி அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தண்ணீர் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சொன்னபடி மூன்றே வாரத்தில் மாணிக்கத்துறைக்குக் குழாய் போட்டார்கள், சொன்னபடி திறந்தார்கள். அமுதினிக்குக் கால் வீக்கம் வடிந்தது, மாதம் நிறைந்து ஆண் குழந்தை பிறந்தது, நல்ல எடை. ஊரில் அதற்குப் பிறகு குறைப்பிரசவம் என்ற பேச்சு இல்லை. முதல் நாள் குழாயடியில் பெண்கள் கையேந்திக் குடித்துவிட்டு அழுதார்கள், யாழிசையும் குடித்தாள். தேனாக இருந்தது. செய்தது சரிதான் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. இரவில் படுத்தால் அப்படித் தோன்றவில்லை. அவளுக்குத் தெரிந்த வேறு எந்த வேலையும் இல்லாததால், வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள்.

அடுத்த வருடம் விலைச்சபை மாவட்டத் தலைநகரில் கூடியது. பொதுமக்கள் பார்க்கலாம், பேசக் கூடாது. யாழிசை போனாள். செழியனும் வந்திருந்தார், கோர்ட்டிலிருந்து நேராக. ஜெனிபா கூட வருவேன் என்று அடம்பிடித்து வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அவள் அட்டை அந்த மாதத்திலேயே இரண்டு தடவை தீர்ந்து, அமுதினி வீட்டில் குடம் பிடித்திருந்தாள்.

மேடையில் வரிசையாக நாற்காலிகள். கம்பெனியின் ஆள், அதிகாரிகள், ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி. ஓரத்து நாற்காலி மட்டும் காலி. கம்பெனி ஆள் நல்ல பிள்ளையாக வணக்கம் சொல்லி, மின்சாரச் செலவு, சம்பளச் செலவு எல்லாம் படித்து, விலையை ஒன்றரை மடங்காக்கக் கேட்டான். ஆளுங்கட்சி உறுப்பினரின் கொறடா இசைவு என்றது. எதிர்க்கட்சிக்கு இதில் கொள்கை எதுவும் இல்லை, அதனால் அவர்களுடைய கொறடா ஒன்றும் சொல்லவில்லை.

தலைவர் நிமிர்ந்து கேட்டார். ஆட்சேபம் உண்டா?

செழியனின் கை பாதி எழுந்துவிட்டது. யாழிசைதான் பிடித்து இறக்கினாள். பார்வையாளர் கையை உயர்த்தினால் காவலர் வந்து வெளியே கூட்டிப்போவார், அவ்வளவுதான் நடக்கும்.

இல்லை என்று தலைவர் தாமே சொல்லிக்கொண்டார். நிறைவேறியது என்றார். ஆட்கள் எழுந்து டீ குடிக்கப் போனார்கள்.

ஜெனிபாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"ஏன்க்கா, அந்தக் கடைசி நாற்காலி சும்மாவே கெடந்துச்சே. அது யாரோடது?"

எங்களோடது என்று சொல்லத்தான் யாழிசை வாயெடுத்தாள்.

"உன்னோடது ஜெனிபா," என்றாள். "ஒத்தக் காசு வாங்காம நாங்க ரெண்டு பேரும் வித்துட்டோம்."

ஜெனிபா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்சிக்காரர்கள் பேசுவது அவளுக்கு எப்போது புரிந்திருக்கிறது? புது விலை என்றைக்கிலிருந்து என்று கேட்டாள். நாளையிலிருந்து என்றார் செழியன். அப்படியானால் இன்றைக்கே போய் இருக்கிற பானையிலெல்லாம் பிடித்து வைக்க வேண்டும் என்று அவள் எழுந்து பஸ்ஸுக்கு ஓடினாள்.